இயல் 6: வெயிலுக்கும் காற்றுக்கும் நிற்கும் மரம் – சீடார் வகைகளும் திருப்பூர் வட்டாரத் தேர்வுகளும்

வெயிலும் மழையும் நேரே படும் இடத்தில் போடப்படும் பெஞ்சு, நாற்காலி, மேசை ஆகியவற்றுக்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது உலகெங்கும் முதலில் எடுத்துரைக்கப்படும் பெயர்களுள் ஒன்று சீடார். வட அமெரிக்காவில் தோட்ட இருக்கைகளும் வேலிகளும் கூரைச் சில்லுகளும் நெடுங்காலமாக இம்மரத்தில் செய்யப்பட்டு வருகின்றன. அந்நாடுகளோடு நாள்தோறும் வணிகம் செய்யும் திருப்பூரில், விருந்தினர் இல்லத்தின் புல்தரைக்கும் தோட்டத்து வீட்டின் முற்றத்துக்கும் அதே மரம் வேண்டும் எனும் விருப்பம் எழுவது இயல்பே. ஆயினும் சீடாரின் நன்மைகளாகச் சொல்லப்படுபவை மழை மிகுந்த குளிர் நிலங்களில் கண்டறியப்பட்டவை. திருப்பூரோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெற்று, அதிலும் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாங்கிக்கொண்டு, எஞ்சிய காலமெல்லாம் வெயிலிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றிலும் காய்ந்து கிடக்கும் நிலம். ஆகவே சீடாரின் ஒவ்வொரு நன்மையையும் தனித்தனியே எடுத்து, அது இங்கே எந்த அளவுக்குப் பயன்படும் என்றும், அதே நன்மை அருகில் கிடைக்கும் எந்த மரத்தில் இருக்கிறது என்றும் பார்ப்பதே இவ்வியலின் முறை.

சீடார் என்று விற்கப்படுபவை

வணிகத்தில் சீடார் என்பது ஒரே மரத்தைக் குறிப்பதில்லை. தாவரவியலில் உண்மையான சீடார்கள் செட்ரஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. விவிலியத் தமிழில் கேதுரு எனப்படும் லெபனான் மரமும், இமயத்தின் மேற்குப் பகுதியில் காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மலைகளில் வளரும் தேவதாருவும் அப்பேரினத்தவை. அமெரிக்கத் தோட்ட இருக்கைகளுக்குப் புகழ் தேடித்தந்ததோ இவற்றுள் எதுவும் அன்று. பசிபிக் கடலோரக் காடுகளில் வளரும் துயா பிளிக்காட்டா எனும் மேலைச் செஞ்சீடார்தான் அது. அதே நாட்டின் கிழக்குப் பகுதியில் வளரும் கீழைச் செஞ்சீடார் இன்னொரு பேரினத்தைச் சேர்ந்தது. பென்சிலுக்கும் துணிப்பெட்டிக்கும் பேர்பெற்றது. ஆஸ்திரேலியாவில் செஞ்சீடார் எனப்படும் மரம் ஊசியிலை மரமே அன்று. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அகன்ற இலை மரமாகிய அது, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இயல்பாக வளர்கிறது. தமிழகத்தில் அதற்குச் சந்தன வேம்பு என்று பெயர்.

விலைப்புள்ளியில் சீடார் என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், வாங்குபவர் தாவரப் பெயரையும் மரம் வந்த நாட்டையும் பட்டியலில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எடை, உறுதி, எண்ணெய்த் தன்மை ஆகியவற்றில் இம்மரங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதால், ஒன்றின் நன்மையைச் சொல்லி இன்னொன்றை விற்பது எளிது.

உளுத்துப் போகாமை: எங்கிருந்து வருகிறது?

சீடாருக்குப் பெருமை சேர்க்கும் முதற்பண்பு உளுத்துப் போகாமை. ஒரு மரத்தண்டின் வெளிப்புறத்தில் நீரைக் கடத்தும் இளம் பகுதி வெளிறு எனவும், உள்ளே கடத்தலை நிறுத்திவிட்டு இறுகிய முதிர்ந்த பகுதி வைரம் எனவும் வழங்கும். வெளிறு வைரமாக மாறும்போது மரம் தன் கண்ணறைகளில் பலவகை வேதிப்பொருள்களைச் சேமித்து வைக்கிறது. நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்தால் பிரிந்து வருவதால் இவற்றைச் சாறுபொருள்கள் எனலாம். மேலைச் செஞ்சீடாரின் வைரத்தில் உள்ள துயாப்பிளிசின் எனும் சாறுபொருள் பூஞ்சையை அடக்குகிறது. தேக்கின் வைரத்தில் உள்ள குயினோன் வகைப் பொருள்கள் கரையானை விலக்குகின்றன. எந்த மரத்தின் வெளிற்றிலும் இப்பாதுகாப்பு இல்லை. சீடாரின் வெளிறும் தேக்கின் வெளிறும் முருங்கைக் கட்டையைப் போலவே பூச்சிக்கு இரையாகும் என்பதை மறந்து, பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர்களே பெரிதும் ஏமாறுகின்றனர்.

டேராடூனில் 1906ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மரங்களின் நீடுழைப்பை மண்ணில் பாதி புதைத்த கட்டைகளைக் கொண்டு சோதித்து வகுத்துள்ளது. சராசரியாக 120 மாதங்களுக்கு மேல் தாங்குபவை முதல் வகுப்பிலும், 60 முதல் 120 மாதங்கள் தாங்குபவை இரண்டாம் வகுப்பிலும், அதற்கும் குறைவானவை மூன்றாம் வகுப்பிலும் வைக்கப்படுகின்றன. தேக்கும் தேவதாருவும் முதல் வகுப்பின. இச்சோதனை மரத்துக்கு நேரக்கூடிய மிகக் கொடிய நிலையில், அதாவது ஈரமண்ணும் கரையானும் ஓயாமல் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் நடத்தப்படுவது. தரையிலிருந்து உயர்த்தி வைக்கப்பட்டு, நனைந்த சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும் பெஞ்சுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; இரண்டாம் வகுப்பு மரம்கூட அங்கே பல மடங்கு காலம் நிற்கும்.

இதை ஈரத்தின் கணக்கிலும் விளக்கலாம். மரத்தின் உலர்ந்த எடையோடு ஒப்பிட அதில் உள்ள நீர் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் வரை, மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சை வேரூன்றுவதில்லை. திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் பகுதிகளில் காற்றோட்டமாக நிற்கும் மரம் ஆண்டின் பெரும்பகுதியில் இந்த அளவுக்கு மிகவும் கீழேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களே விதிவிலக்கு. எனவே மழை ஓயாத நாடுகளில் சீடாரின் முதற்பெருமையாகிய உளுக்காமை, இங்கே இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. முதலிடத்துக்கு வருவது, அந்நாட்டு விளம்பரங்களில் ஒரு வரியில் கடந்துபோகும் வேறொரு பண்பு.

சுருங்காமையும் கோணாமையும்

மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப நீரை ஏற்றும் இறக்கும். அந்நீர் 28 அல்லது 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது முதல் மரம் சுருங்கத் தொடங்குகிறது; நீளவாக்கில் மிகச் சிறிதும், ஆரவாக்கில் ஓரளவும், ஆண்டு வளையங்களின் போக்கில் மிகுதியாகவும் சுருங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வே பலகை கோணுவதற்கும் வெடிப்பதற்கும் காரணம். முற்றிலும் பச்சை நிலையிலிருந்து முழு உலர் நிலைக்கு வரும்போது வளையப்போக்கில் மேலைச் செஞ்சீடார் ஏறத்தாழ 5 விழுக்காடும், தேக்கு 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், அமெரிக்க வெள்ளை ஓக் 10 விழுக்காட்டுக்கு மேலும் சுருங்குகின்றன. பயன்பாட்டில் இதன் பொருள் யாதெனில், கார்த்திகையில் 14 விழுக்காடு ஈரத்தோடு இருந்த 100 மில்லிமீட்டர் அகலப் பலகை சித்திரையில் 8 விழுக்காட்டுக்கு இறங்கும்போது, சீடாராயினும் தேக்காயினும் சுமார் 1 மில்லிமீட்டரும், ஓக்காயின் அதைப்போல் இரு மடங்கும் அகலம் குறையும்.

ஆண்டுதோறும் நனைந்து காயும் இந்தச் சுழற்சி, ஆனியிலும் ஆடியிலும் மழையின்றி வெறும் காற்று மட்டுமே வீசும் இவ்வட்டாரத்தில் வலிமையாக நிகழ்கிறது. மூட்டுகள் தளர்வதும், ஆணித் தலை மேலெழுவதும், மேசைப் பலகை நடுவே பிளப்பதும் பெரும்பாலும் பூஞ்சையால் அல்ல, இச்சுழற்சியாலேயே நேர்கின்றன. ஆகவே திருப்பூரில் வெளிப்புற மரத்துக்கு முதல் தகுதி குறைந்த அசைவு என்றும், உளுக்காமை அதற்கு அடுத்தது என்றும் கொள்ள வேண்டும். இந்த வரிசையில் பார்த்தாலும் சீடாருக்கு மதிப்பு குறைவதில்லை, ஆனால் தேக்கும் அதனோடு சமமாக நிற்கிறது என்பது தெளிவாகும்.

லேசும் மென்மையும்: நன்மையா, குறையா?

கன அடிக் கணக்கில் வாங்கும் நம் மரக்கடை வழக்கத்துக்கு ஏற்றவாறு சொன்னால், உலர்ந்த மேலைச் செஞ்சீடார் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 10 கிலோவும், சந்தன வேம்பு 14 கிலோ அளவிலும், தேவதாரு 16 கிலோ அளவிலும், தேக்கு 18 கிலோ அளவிலும் எடை கொண்டவை. எடை குறைந்த மரத்தில் காற்றறைகள் மிகுதி. அதனால் வெப்பம் மெதுவாகக் கடத்தப்படுகிறது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடந்த இரும்பு நாற்காலியில் பிற்பகலில் உட்கார முடியாது. சீடாரிலோ சந்தன வேம்பிலோ செய்த இருக்கையில் மேற்பரப்பு சூடாக இருந்தாலும் தோலுக்குள் பாயும் வெப்பம் குறைவாதலால் உட்கார முடியும். இந்த வட்டாரத்துக்கு இது உண்மையான நன்மை. குளிர்நாட்டு நூல்களில் அரிதாகவே பேசப்படுகிறது.

அதே லேசான தன்மை காற்றுக்காலத்தில் குறையாக மாறிவிடுகிறது. உடுமலை, தாராபுரம், பல்லடம் பகுதிகளில் காற்றாலைகளை நிறுவக் காரணமான அதே காற்றுதான் மாடியிலுள்ள நாற்காலியையும் தள்ளுகிறது. அம்மியே பறக்கும் என்று பழமொழி சொல்லும் மாதத்தில் பத்துக் கிலோ எடையுள்ள சீடார் நாற்காலி கைப்பிடிச் சுவரைத் தாண்டுவது பெரிய செய்தி அன்று. மாடிக்கு லேசான மரத்தைத் தேர்ந்தால், கால்களைத் தரையில் பதித்த கொக்கியோடு பிணைப்பதற்கு வழி செய்தாக வேண்டும்.

மென்மையும் அவ்வாறே இருபுறமும் வெட்டும். அறுப்பதும் இழைப்பதும் எளிது. எனினும் திருகாணி இறுகப் பிடிக்காது, காலின் அடிப்பகுதி சிமெண்டுத் தரையில் இழுபட்டுத் தேயும், தொழிற்சாலை உணவுக்கூடத்துக்கு வெளியே நூறுபேர் நாள்தோறும் இழுத்துப்போடும் பெஞ்சுக்கு அது தாங்காது. அறுக்கும்போது எழும் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. பஞ்சுத் துகளால் ஏற்கெனவே நெஞ்சு பாதிக்கப்பட்ட தொழிலாளர் மிகுந்த ஊரில் இதைச் சிறு செய்தியாகத் தள்ள இயலாது. முகமூடியும் தூள் உறிஞ்சியும் இல்லாத பட்டறையில் இம்மரத்தை அறுக்கவே கூடாது.

மணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீடார் பெட்டி துணியை அந்துப்பூச்சியிடமிருந்து காக்கும் என்னும் விற்பனைப் பேச்சு கீழைச் செஞ்சீடாரையும் கம்பளித் துணியையும் சார்ந்தது. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு, இறகு போன்ற விலங்குப் புரதங்களையே. பருத்தி பனியனுக்கு அதனால் ஆபத்தும் இல்லை, அதற்காகச் சீடாருக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனும் இல்லை.

அருகில் கிடைப்பவை

சீடாரின் நன்மைகளைப் பெரும்பாலும் கொண்டிருந்து அருகில் கிடைக்கும் மரங்களுள் முதலில் எண்ணத்தக்கது சந்தன வேம்பு. செம்மை கலந்த நிறமும் இனிய மணமும் கொண்ட இது, காபித் தோட்டங்களில் நிழல்மரமாகவும் வளர்க்கப்படுகிறது. இதன் வைரம் நடுத்தர நீடுழைப்பு உடையது. வெளிறு துளைவண்டுக்கு எளிதில் இரையாகும். கூரை இறக்கத்தின் கீழ், தாழ்வாரத்தில், மரநிழலில் போடும் நாற்காலிக்கு இது சாலப் பொருந்தும். மண்ணைத் தொடும் காலுக்குப் பொருந்தாது. பெயரில் ஒத்திருக்கும் மலைவேம்பை இதற்கு மாற்றாக வாங்கிவிடலாகாது. மலைவேம்பு ஒட்டுப்பலகைக்காக விரைந்து வளர்க்கப்படும் மரம், வெளிப்புறத்துக்கு ஆகாது.

தேவதாருவின் நீடுழைப்புக்குக் காஷ்மீரின் ஜீலம் ஆற்றுப் பாலங்களும் தால் ஏரியின் படகு வீடுகளும் சான்று. ஆனால் அது எண்ணெய் மிகுந்த மரம். வெயிலில் அவ்வெண்ணெய் மேற்பரப்புக்குக் கசிந்து பூச்சையும் கெடுக்கும், உட்காருபவரின் உடையையும் கறைப்படுத்தும். திருப்பூர் வெயிலில் இருக்கைக்கு இதைப் பரிந்துரைக்க இயலாது. கூரைத் தூணுக்கும் பந்தலுக்கும் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டால் இவ்வட்டாரத்தின் சிறந்த வெளிப்புற மரம் தேக்குதான் என்பதில் ஐயமில்லை. ஆனைமலைக் காடுகள் திருப்பூர் மாவட்டத்தின் தென் எல்லையிலேயே, உடுமலை, அமராவதி வனச்சரகங்களாகத் தொடங்குகின்றன. மலையுச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமாதலால் டாப்சிலிப் எனப் பெயர்பெற்ற ஊரில், வெட்டிச் சீரழிந்த தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்தெடுத்த ஹியூகோ வுட் எனும் வன அலுவலரின் கல்லறை இன்றும் இருக்கிறது. இன்று கடைகளில் கிடைப்பதோ பெரும்பாலும் தோட்டத் தேக்கும் கடல்கடந்து வரும் தேக்குமே. பதினைந்து, இருபது ஆண்டுகளில் வெட்டப்படும் இளந்தேக்கில் வெளிறு மிகுதி, வைரத்தின் எதிர்ப்பாற்றலும் முதிர்ந்த மரத்தளவு இராது. தேக்கு என்ற பெயருக்குக் கொடுக்கும் விலை, அறுத்த சட்டத்தில் வெளிர்மஞ்சள் பட்டை எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே கொடுக்கப்பட வேண்டும்.

காங்கயம், மூலனூர், தாராபுரம் பகுதிகளின் கொரங்காடுகளில், அதாவது கிளுவை முள்ளை வேலியாக வைத்துக் கொழுக்கட்டைப் புல் வளர்த்து மாடு மேய்க்கும் மேய்ச்சல் நிலங்களில், இடையிடையே நிற்கும் வெள்வேல மரமும், குளக்கரைக் கருவேலமும், வேலியோரப் பூவரசும், வேம்பும் இவ்வூர்த் தச்சர் வழிவழியாகப் பயன்படுத்தியவை. கடினமும் எடையும் உடைய இம்மரங்கள் காற்றுக்கு அசையாது நிற்கும். கால், சட்டம், குறுக்குக்கட்டை ஆகியவற்றுக்குச் சீடாரைவிட மேலானவை. ஆனால் அகலப் பலகையாக அறுத்தால் வெடிக்கும். ஆதலால் சட்டத்தைக் கருவேலத்தில் செய்து, இருக்கைப் பலகையைச் சந்தன வேம்பிலோ தேக்கிலோ அமைப்பதும், பழைய கட்டில் முறைப்படி இருக்கையையே கயிற்றாலோ நாடாவாலோ பின்னிவிடுவதும் அறிவுடைய வழிகள். பின்னல் இருக்கை மழைநீரைத் தேக்குவதில்லை, வெப்பத்தைச் சேர்ப்பதில்லை, நைந்தால் ஒரு நாளில் மாற்றப்படும்.

இன்னொரு மரமும் இவ்வூரில் தாராளமாகக் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்திரங்களைச் சுற்றி அடைத்துவரும் பைன் பெட்டிகளும், சரக்குத் தட்டுகளும் பிரிக்கப்பட்டு, இருக்கைகளாக உருமாற்றப்படுகின்றன. இவற்றில் கோதுமைக் கதிர் வடிவச் சின்னத்தோடு நாட்டின் ஈரெழுத்துக் குறியும், செய்யப்பட்ட பதப்படுத்தலின் குறியும் முத்திரையிடப்பட்டிருக்கும். எச்.டி. எனும் குறி, மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கப்பட்டதைக் காட்டும், எம்.பி. எனும் குறி, மெத்தில் புரோமைடு எனும் நச்சு வளியால் புகையூட்டப்பட்டதைக் காட்டும். உட்காரவும் உண்ணவும் பயன்படும் பொருளுக்கு எச்.டி. குறியுள்ள மரத்தையே எடுக்க வேண்டும். இச்சூடேற்றம் மரத்துக்குள் இருந்த பூச்சியைக் கொல்வதற்கு மட்டுமே. மரத்துக்கு எவ்வித நீடுழைப்பையும் தருவதில்லை. பைன் பெட்டி மரத்தில் செய்த பெஞ்சைச் சீடார் பெஞ்சு என்று நம்பி மழையில் விட்டால், இரண்டு மூன்று பருவமழைக்குள் கால்கள் பொடிந்து போவதைக் காணலாம்.

வாங்குதல்

பச்சை மரத்தில் செய்த பொருள் எவ்வளவு நல்ல மரமாயினும் கெடும். அறுத்த பலகைகளை இடையிடையே ரீப்பர் கட்டைகள் வைத்து நிழலில் அடுக்கிக் காற்றாட விடுவதே பதப்படுத்தலின் எளிய முறை. அங்குலக் கனப் பலகைக்கு இவ்வட்டாரத்தில் சில மாதங்கள் தேவை. ஈரமானி எனும் சிறு மின்கருவியைப் பலகையில் அழுத்திப் பார்த்து, 12 விழுக்காட்டை ஒட்டியிருந்தால் ஏற்கலாம். 18 என்று காட்டினால் விற்பவரின் உறுதிமொழியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தேக்கு போன்ற மரங்களை எடுத்துச் செல்வது 1968ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டது. தோட்டத்து மரத்தை வெட்டி அறுவை ஆலைக்குக் கொண்டுவரும் முன் வனத்துறையை அணுகுவதும், கடையில் வாங்கும்போது பட்டியலை முறையாகப் பெறுவதும் கட்டாயம்.

செய்முறை

வெளிப்புறப் பொருளின் ஆயுளை மரத்தைவிட அதன் அமைப்பே அதிகம் தீர்மானிக்கிறது. இருக்கைப் பலகைகளுக்கு இடையே 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேற்பரப்பைச் சற்றே சரிவாக்கி, வளையத்தின் வெளிப்புறம் மேலே வரும்படி பலகையை வைத்தால் நீர் தங்காது. கழுந்து நுழையும் பொளியின் அடியில் நீர் வடியச் சிறு துளை இடுவது, பழைய தச்சர் சிலர் இன்றும் விடாத பழக்கம். மூட்டுதான் முதலில் உளுக்கும் இடமாதலால் இத்துளை பூச்சு எதனையும்விடப் பயன் தரும். காலின் அடிமுகம் மரத்தின் நார்கள் வெட்டுண்ட முகம். உறிஞ்சுகுழல்போல் நீரை இழுக்கும் அம்முகத்தை எப்பாக்சிப் பசையால் அடைத்து, கருங்கல் துண்டின்மேலோ உலோகக் குமிழின்மேலோ நிறுத்த வேண்டும். கரையான் மண்பாதை கட்டிக்கொண்டுதான் ஏற முடியுமாதலால், அடியில் இடைவெளி இருந்தால் அப்பாதை கண்ணில் படும், துடைத்துவிடலாம்.

ஆணியும் திருகாணியும் இரும்பாக இருத்தல் கூடாது. சீடார், தேக்கு, கருவேலம் ஆகியவற்றின் சாறுபொருள்கள் ஈரத்தில் இரும்போடு கூடிக் கருங்கறையை உண்டாக்குகின்றன. கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்புச் சாயம் காய்ச்சிய பழைய சாயத்தொழிலின் வேதியியல்தான் இது. 304 தரத் துருவேறா எஃகுத் திருகாணி பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

இங்கே நொய்யல் கரையோர வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. சாயத்தொழிலில் பயன்படும் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் பல பத்தாண்டுகளாக ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபின் கழிவுநீரே வெளியேறாத முறை வலியுறுத்தப்பட்டாலும், பல கிணறுகளின் உப்பு இன்னும் குறையவில்லை. அத்தகைய நீரால் மர இருக்கையைக் கழுவினால், உலரும்போது உப்பு நார்களுக்கிடையே படிகமாகி மேற்பரப்பைப் பஞ்சுபோல் பிரித்துவிடும், திருகாணிகளையும் அரிக்கும். அப்பகுதிகளில் 316 தர எஃகைப் பயன்படுத்துவதும், சேமித்த மழைநீரிலோ குடிநீரிலோ நனைத்த துணியால் துடைப்பதும் நலம்.

பூச்சும் பராமரிப்பும்

வெயிலின் புற ஊதாக் கதிர், மரநார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிச் செல்ல, எந்த மரமும் நரைத்துச் சாம்பல் நிறமாகும். இது மேற்பரப்பின் மாற்றமே, உறுதி குறைவதில்லை. நரைத்த நிறத்தை ஏற்றுக்கொள்பவருக்குத் தேக்கும் சீடாரும் பூச்சே வேண்டாத மரங்கள். நிறம் வேண்டுமென்றால் வார்னிஷைத் தவிர்த்து எண்ணெயையே பூச வேண்டும். வார்னிஷ் படலம் திருப்பூர் வெயிலில் வெடித்து, வெடிப்பின் வழியே புகுந்த நீரை வெளியேறவிடாமல் அடைத்துக்கொள்ளும், பின்னர் முழுதும் சுரண்டி எடுக்க நேரும். எண்ணெய் தேய்ந்துபோகும், அவ்வளவே. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மீண்டும் பூசிவிடலாம். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் படகுகளுக்கும் தூண்களுக்கும் பழங்காலந்தொட்டுப் பூசப்படும் வலிய காப்பு. ஆயினும் தோலைப் புண்ணாக்குவதால் கால்களின் அடிப்பகுதிக்கு மட்டும் உரியது.

எண்ணெய் பூசுவதற்கும் துடைப்பதற்கும் இவ்வூரில் பனியன் வேஸ்ட் துணியைவிட மலிவானதும் நல்லதுமான பொருள் இல்லை. ஆனால் வேறெந்த ஊரையும்விட இங்கே கூடுதலாக வலியுறுத்தப்பட வேண்டிய ஆபத்து அதில்தான் ஒளிந்திருக்கிறது. ஆளிவிதை எண்ணெயும், தேக்கு எண்ணெய் எனும் பெயரில் விற்கப்படும் கலவைகள் பலவும், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடியே உலர்கின்றன. அவ்வினை வெப்பத்தை வெளியிடும். பலகையில் பூசிய எண்ணெயின் வெப்பம் காற்றில் கலைந்துவிடும். கசக்கிக் குவித்த பருத்தித் துணியிலோ அது வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி எதுவுமின்றித் தானே பற்றிக்கொள்ளும். வேலை முடித்தபின் எண்ணெய்த் துணியை கட்டிங் வேஸ்ட் மூட்டையிலோ, பஞ்சு படிந்த கிடங்கின் மூலையிலோ எறிவது, இரவில் சில மணி நேரம் கழித்து எரியக்கூடிய பொறியை வைத்துவிட்டுப் போவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு துணியையும் விரித்து வெட்டவெளியில் கொடியில் காயப்போட வேண்டும். முடியாவிட்டால் நீர் நிறைந்த இரும்பு வாளியில் அமிழ்த்தி மூட வேண்டும். விறைப்பாகக் காய்ந்த பிறகே குப்பையில் சேர்க்கலாம்.

புதிய சீடாரும் தேக்கும் முதல் மழைகளில் பழுப்புச் சாற்றைக் கசியவிடும். வெள்ளைப் பனியனோடு ஈர இருக்கையில் உட்கார்ந்தவருக்கு அது தெரியவரும். செய்து முடித்த பொருளை எண்ணெய் பூசுமுன் ஓரிரு முறை நல்ல நீரால் நனைத்துக் காயவிட்டால் இச்சாற்றின் பெரும்பகுதி போய்விடும். மெத்தை உறைக்கு உள்ளூர்ப் பின்னல் துணியைத் தேரும்போது, சலவைக்குச் சாயம் நிற்கும் தரத்தை மட்டும் பார்ப்பது போதாது; ஐ.எஸ்.ஓ. 105 பி02 எனும் ஒளிச் சோதனையில் நீலக் கம்பளி அளவுகோலின் உயர்படிகளைத் தொடும் துணியே சித்திரை வெயிலுக்கு நிற்கும். இழை நூற்கும் முன்பே நிறமேற்றிய அக்ரிலிக் துணி இதில் பருத்தியை எளிதாக முந்துகிறது.

இரும்புக் கறை படிந்துவிட்டால் ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கையுறை அணிந்து பூசி, கறை மறைந்ததும் நல்ல நீரால் முழுதும் கழுவிவிட வேண்டும். கழுவாது விட்டால் அவ்வமிலமே திருகாணியை அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசுவதற்கு உரிய காலம் புரட்டாசியின் முற்பகுதி: காற்று தணிந்து தூசு அடங்கியிருக்கும், மரம் வறண்டு எண்ணெயை நன்கு குடிக்கும், ஐப்பசி மழைக்கு முன் உலரப் போதிய நாள்களும் இருக்கும். தளர்ந்த திருகாணிகளை இறுக்குவதும், காலடிப் பசையைச் சோதிப்பதும், பிளந்த பலகையைக் கழற்றி மாற்றுவதும் அதே வாரத்தில் முடிக்கப்பட வேண்டியவை.